இறங்கலும் அரை வாடகையும்

எழுத்துப் பிழைகள் எல்லாமே எனக்கு ஒரே அளவு எரிச்சலைத் தருவதில்லை. அவசரத்தில் விட்டது, தெரியாமல் விட்டது, போன் தானாகப் போட்டது, இவற்றையெல்லாம் கடந்து போய்விடுவேன். ‘எனக்கு இலக்கணம் தெரியும்’ என்ற துணிவில் ஒருவர் தேவையில்லாத இடத்தில் ஓர் எழுத்தைக் கொண்டுவந்து செருகும்போதுதான் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் போகும் ஒழுங்கை ஒன்றில் ஒரு சின்ன அச்சகம். அங்கே கணினியில் எழுத்துப் போடுவதும் புரூப் பார்ப்பதும் என் வேலை. திருமண அழைப்பிதழ், பூப்புனித நீராட்டு விழா அட்டை, கண்ணீர் அஞ்சலிப் பனர், கல்வெட்டு, இவைதான் எங்களுக்குச் சோறு போடுபவை. (கல்வெட்டு என்றதும் கோயில் சுவர் ஞாபகத்துக்கு வருபவர்களுக்கு: இங்கே கல்வெட்டு என்பது இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பும் தேவாரமும் பிள்ளைகளின் புலம்பலும் சேர்ந்த சின்னப் புத்தகம். 31ஆம் நாள் வீட்டுக்கு வருபவர்களின் கையில் கொடுப்பார்கள்.) முன்பெல்லாம் கொப்பித் தாளில் எழுதி, வீட்டில் தமிழ் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் காட்டிவிட்டுத்தான் கொண்டுவருவார்கள். இப்போது எல்லாம் வாட்ஸ்அப்பில் வருகிறது. குடும்பக் குழுவில் யாரோ போட்டதை அப்படியே எனக்குத் தள்ளிவிடுகிறார்கள். ஆகவே, ஊரார் போனில் எழுதும் தமிழை விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் நாள் முழுக்க வாசிப்பவள் நான்.

அதிகம் வருவது மரணச் செய்தி. அதில் அதிகம் வருவது ‘ஆழ்ந்த இறங்கல்’. இரங்கினால் துக்கம். இறங்கினால் பஸ்ஸிலிருந்து இறங்குவது. ‘இறந்தார்’ என்பதை ‘இரந்தார்’ என்று எழுதினால் இன்னும் மோசம். வாழ்நாள் முழுவதும் உழைத்துச் சாப்பிட்ட மனிதர், போன பிறகு பிச்சை எடுத்தவராகிவிடுகிறார். இதற்குப் படிப்பறிவைக் குறை சொல்ல முடியாது. ர, ற இரண்டையும் பேச்சில் நாம் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் சொல்கிறோம். காது உதவாத இடத்தில் கண் பழகியிருக்க வேண்டும். புத்தகம் தொடாமல் போனை மட்டும் பார்க்கும் கண்ணுக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வரும்?

எங்கள் தொடர்மாடிக் குழுவில் ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கிறேன். யாராவது காலமானால் முதலில் போடுபவர் எப்படி எழுதுகிறாரோ, கீழே வருபவர்களும் அதையே பிரதி எடுத்துப் போடுகிறார்கள். முதலாமவர் ‘இறங்கல்’ என்று எழுதிவிட்டால் அன்று முழுக்கக் கட்டடமே இறங்கிக்கொண்டிருக்கும். யாரையும் திருத்தப் போக மாட்டேன். செத்த வீட்டில் எழுத்துக் கணக்குப் பார்ப்பது மரியாதை இல்லை. நான் செய்வதெல்லாம், செய்தி வந்த உடனேயே ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று சரியாகப் போட்டுவிடுவதுதான். எனக்குப் பிறகு வருபவர்கள் என்னுடையதைப் பிரதி எடுக்கிறார்கள். யாருக்கும் மனம் நோகாமல் பிழை திருத்த இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை.

கல்யாண அட்டைகளில் வருவது ண, ன சிக்கல். ‘திருமன அழைப்பிதழ்’, ‘மனமக்கள்’ என்று வரும். மணமகளின் தகப்பனார் ‘மணமார்ந்த நன்றி’ என்று முடித்திருப்பார். மணத்தையும் மனத்தையும் இடம் மாற்றி வைத்துவிட்டு மனிதர் மண்டப வேலையாக ஓடிக்கொண்டிருப்பார்.

இந்த எழுத்துகளைப் பிரித்தறிய எல்லாச் சொற்களுக்கும் பொருந்தும் விதி கிடையாது. ஆனால் பல பிழைகளைப் பிடித்துத்தரும் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. ட-வுக்கு முன்னால் ண் வரும். ற-வுக்கு முன்னால் ன் வரும். த-வுக்கு முன்னால் ந் வரும். வண்டி, கொண்டு, நண்டு. கன்று, என்று, ஒன்று. பந்து, வந்து, சந்து. தமிழ்ச் சொல்லில் ‘ன்ட’ என்றோ ‘ண்ற’ என்றோ கண்டால் யோசிக்கவே வேண்டாம், பிழைதான். ‘வன்டி’, ‘கொன்டு’, ‘எண்று’ எல்லாம் ஒரே அடியில் விழுந்துவிடும். அச்சகத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

இரண்டாவதாகச் சொல்வது ‘முயற்ச்சி’. ‘பயிற்ச்சி வகுப்பு’, ‘கட்ச்சி’, ‘கற்ப்பித்தல்’, இப்படி எத்தனை ரியூஷன் விளம்பரம் வருகிறது தெரியுமா? பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் வகுப்பின் விளம்பரத்திலேயே ‘கற்ப்பித்தல்’ பார்த்திருக்கிறேன். ட், ற் இரண்டும் தங்களுக்குப் பக்கத்தில் இன்னொரு புள்ளி எழுத்தைச் சேர்க்காது. முயற்சி, பயிற்சி, கட்சி, கற்பித்தல், வெட்கம் என்று ஒற்றைப் புள்ளியோடு நிற்கும். ர், ய், ழ் சேர்க்கும்: வளர்ச்சி, பாய்ச்சல், மகிழ்ச்சி. ‘வளர்ச்சி’க்கு இரண்டு புள்ளி என்றால் ‘முயற்சி’க்கும் இரண்டு இருக்க வேண்டும் என்று நினைப்பதில்தான் இந்தப் பிழை தொடங்குகிறது.

ல, ள, ழ கதை வேறு. இங்கே பலருக்குப் பேச்சில் ழகரம் ளகரமாகிவிடும். அதனால்தான் சொந்த ஊரையே ‘கொளும்பு’ என்று எழுதுகிறார்கள். ‘ஆள்ந்த அனுதாபம்’, ‘வாள்க வளமுடன்’ எல்லாம் அதே வாயிலிருந்து வருபவை. கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள், ழகரத்தை நாம் விட்டுவிடுகிறோம் என்ற பயத்தில், இல்லாத இடத்திலும் அதைப் போடுவார்கள். ‘விழையாட்டுப் போட்டி’, ‘கழைப்பு’. ஆனால் ‘எங்கல் வீட்டில்’, ‘அவர்கல்’, ‘பிறந்த நால்’ என்று வருபவற்றுக்கு வாய் காரணமில்லை. ‘எங்கல்’ என்று சொல்லும் தமிழரை நான் கண்டதில்லை. ஆங்கில எழுத்தை அழுத்தித் தமிழ் வரவழைக்கும் விசைப்பலகையில், சின்ன எழுத்துக்கு ல, பெரிய எழுத்துக்கு ள என்று வைத்திருப்பார்கள். பெரிய எழுத்துக்கு இன்னொரு விசை அழுத்த விரல் சோம்பல்படுகிறது, அவ்வளவுதான். இந்தப் பிழையை அடிக்கடி விடுபவர்களுக்கு நான் சொல்வது, விசைப்பலகையை மாற்றுங்கள் என்பதுதான். எழுத்துகளை நேரடியாகக் காட்டும் தமிழ் விசைப்பலகை பெரும்பாலான போன்களில் இருக்கிறது. முதலில் சில நாள் விரல் தடுமாறும், அப்புறம் பழகிவிடும். தனியாக ஒன்று வேண்டுமென்றால் ‘செல்லினம்’ என்ற செயலி இருக்கிறது.

முழுக்க ஆங்கில எழுத்திலேயே தமிழ் எழுதுபவர்களுடன் நான் சண்டைக்குப் போவதில்லை. ‘வந்துகொண்டிருக்கிறேன், கதவைத் திற’ என்று சொல்ல எந்த எழுத்தாக இருந்தால் என்ன? ஆனால் அச்சுக்கு வரும் விஷயத்தை அப்படி அனுப்பினால் எனக்கு வேலை கூடும். மலை, மாலை, மழை மூன்றுக்கும் பலர் அதே ஐந்து ஆங்கில எழுத்துகளைத்தான் போடுகிறார்கள். நேரத்துக்கு முன்னால் வந்தால் மாலை என்று விளங்கும். இறந்தவருக்கு எழுதிய கவிதைக்குள் வந்தால் போன் எடுத்துத்தான் கேட்க வேண்டும்.

பணம் சம்பந்தப்பட்ட பிழை எப்போதும் சுவாரசியமானது. இந்தப் பக்கம் அறையும் அனெக்ஸும் தேடாத ஆளில்லை. வாடகை விளம்பரங்கள் குழு குழுவாகச் சுற்றும். ஒருவர் ‘வெள்ளவத்தையில் அரை வாடகைக்கு உண்டு’ என்று போட்டிருந்தார். கீழே ஒருவர் மிகவும் பவ்வியமாக, “அண்ணை, முழு வாடகை எவ்வளவு எண்டு சொன்னா, அரை எவ்வளவு எண்டு நான் கணக்குப் பாப்பன்” என்று எழுதினார். விளம்பரம் போட்டவருக்குக் கடைசி வரை பகிடி விளங்கவில்லை. முழு வாடகையையே சொன்னார்.

சரி, என் பல்லைக் கடிக்க வைக்கும் விஷயத்துக்கு வருகிறேன்.

தாயாரின் கல்வெட்டுக்காக ஓர் இளைஞர் எழுதி அனுப்பியிருந்தார். நல்ல எழுத்து. ஆனால் ‘அம்மா எங்களைப் பிரிந்தப் போது’, ‘ஓர் மாதமாக’, ‘வந்துப் பார்த்தவர்கள்’, ‘அவர் வாழ்ந்தக் காலம்’ என்று போகிற வழியெல்லாம் புள்ளி வைத்த எழுத்துகள். நான் திருத்தி அனுப்பினேன். உடனே போன் வந்தது.

“அக்கா, நான் இலக்கணம் பார்த்துத்தான் எழுதினனான். அப்பிடியே போடுங்கோ.”

“தம்பி, ‘பிரிந்தப்போது’ எண்டு வராது. ‘பிரிந்தபோது’தான்.”

“அப்ப ‘அந்தப் பிள்ளை’ எண்டு மட்டும் வருது?”

கேள்வி நியாயமானது. பள்ளிக்கூடத்தில் வல்லினம் மிகும் இடங்கள் என்று பட்டியல் பாடமாக்கியிருப்போம், மிகாத இடங்கள் பாடத்துக்குப் போவதற்குள் பரீட்சை வந்திருக்கும். மனதில் நிற்பது ‘க, ச, த, ப வந்தால் ஒற்றுப் போடு’ என்பது மட்டும். நான் அந்தத் தம்பிக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். முழு இலக்கணமும் இதில் அடங்காது, ஆனால் அன்றாட எழுத்துக்குப் போதும்.

பெயரோடு சேரும் ஐ, கு என்ற உருபுகளில் முடிந்தால் போடுங்கள்: வீட்டைக் கட்டினார், ஊருக்குப் போனார். அந்த, இந்த, எந்த, அப்படி, இப்படி, எப்படி, இவற்றுக்குப் பின்னாலும் போடுங்கள். வினையிலிருந்து பிறந்து அகரத்தில் முடிந்து அடுத்த சொல்லை வர்ணிக்கும் சொல்லுக்குப் பின்னால் போடாதீர்கள்: வந்த பிள்ளை, வாழ்ந்த காலம், பிரிந்தபோது, என்ற கேள்வி, இல்லாத பொருள். நல்ல, பெரிய, சிறிய மூன்றுக்கும் அப்படியே. ‘எடுத்துக் கொடுத்தார்’ என்பதில் வரும், ‘வந்து பார்த்தார்’ என்பதில் வராது. ஏனென்றால் முதலாவதில் ‘த்து’ என்று வல்லெழுத்து அழுத்தமாக இருக்கிறது. ந்து, ண்டு, ன்று என்று மூக்கால் வருபவற்றுக்குப் பின்னால் ஒற்று வேண்டாம். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘வந்துப் பார்த்தார்’ என்று யாரும் பேசுவதில்லை. சந்தேகம் தீராவிட்டால் ஒற்றுப் போடாமல் விடுங்கள். விட்டால் அவசரம் என்று நினைப்பார்கள், தப்பாகப் போட்டால் அதுதான் கண்ணில் குத்தும்.

விடுவதும் எல்லா இடத்திலும் சரிவராது என்பது உண்மைதான். ‘கடலில் காலை கழுவினேன்’ என்றால் காலையில் எதையோ கழுவியிருக்கிறார். ‘காலைக் கழுவினேன்’ என்றால்தான் கால். இப்படிப் பொருள் மாறும் இடங்கள் இருக்கின்றன. ஆனால் போன் அரட்டையில் யாரும் இதனால் குழம்பியதை நான் பார்க்கவில்லை. அதனால் என்னுடைய வழக்கம், அரட்டையில் ஒற்றைத் தேடுவதில்லை, அச்சுக்குப் போகும் எதிலும் விடுவதில்லை.

அந்தத் தம்பியின் ‘ஓர் மாதம்’ இன்னொரு வகை. உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால்தான் ஓர்: ஓர் ஊர், ஓர் ஆண்டு. ‘ஓர் மாதம்’, ‘ஓர் நாள்’ என்று எழுதினால் இலக்கியம் போல இருக்கிறது என்று யாரோ எப்போதோ நினைத்திருக்கிறார்கள், அது ஒட்டிக்கொண்டது. ‘மனமாற வாழ்த்துகிறேன்’ என்பதும் இந்தக் கூட்டம்தான். மனம் நிறைய என்று சொல்ல வந்தால் ‘மனமார’. றகரம் போட்டால் மனம் மாறிவிட்டது என்றாகும், பிறந்தநாள் அன்று அதைச் சொல்ல வேண்டுமா? பேஸ்புக்கில் ‘என் சுவற்றில் பகிர்ந்தேன்’ என்று எழுதுபவர்களும் நிறைய. கிணறு கிணற்றில் ஆகும், வயிறு வயிற்றில் ஆகும். சுவர் அப்படி முடியவில்லையே, அது ‘சுவரில்’தான். ‘கைகோர்த்து’ என்பதையும் அச்சில் ‘கைகோத்து’ என்று மாற்றிவிடுவேன். போனில் வந்தால் பேசாமல் இருப்பேன்.

‘வாழ்த்துகளா, வாழ்த்துக்களா’ சண்டையில் நான் எந்தப் பக்கமும் இல்லை. கள் குடிப்பது பற்றிய அந்தப் பழைய பகிடியை மட்டும் இனிமேல் யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். இரண்டையும் படித்தவர்கள் எழுதியிருக்கிறார்கள், இரண்டும் அச்சேறியிருக்கின்றன. வாடிக்கையாளர் எதைக் கேட்கிறாரோ அதைப் போடுகிறேன். ஒரே அட்டையில் இரண்டும் கலந்து வந்தால்தான் தொலைபேசுவேன்.

சொல்லை வெட்டிப் போடுவது எனக்கு அடுத்த தலைவலி. ‘செய்யப் பட்டது’, ‘வந்து விட்டார்கள்’ என்பவற்றைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ‘மாமா இன்னும் வர வில்லை’ என்று வரும்போது, மாமா வருவதற்கு மருந்துக் குளிசை ஏதும் எடுக்க வேண்டுமோ என்று தோன்றும். இதற்கு நேர்மாறாக, முற்றுப்புள்ளிக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையே இடமே விடாமல் எழுதுபவர்களும் உண்டு. இன்னும் சிலர் முற்றுப்புள்ளிக்குப் பதிலாக வரிசையாகப் புள்ளி வைத்துக்கொண்டே போவார்கள். தமிழ் உரைநடையில் நிறுத்தக் குறிகளைப் பழக்கப்படுத்தியவர்களில் முக்கியமானவர் நம் நல்லூர் ஆறுமுக நாவலர். 1879 இல் காலமாகிவிட்டார். நல்லவேளை.

இனி, யார் கண்ணுக்கும் தெரியாத பிழைகள். என் கணக்கில் மிகவும் கெடுதலானவை இவைதான், ஆனால் இவற்றைப் பற்றி யாரும் கோபப்படுவதில்லை.

இங்கே பாமினி எழுத்துரு இன்னும் சாகவில்லை. யுனிகோட் என்ற இப்போதைய பொதுக் குறியீட்டு முறை வருவதற்கு முன்னால் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை உட்காரவைத்த எழுத்துரு அது. பழைய ஆவணங்கள் பல அதில்தான் இருக்கின்றன. அதிலே ‘ர்’ வேண்டுமென்றால் ரகரத்தை அழுத்தாமல் துணைக்காலையும் (ா) புள்ளியையும் சேர்த்துப் போடுவது வழக்கம். கண்ணுக்கு ஒன்றுதான். அதை அரைகுறையாக யுனிகோடுக்கு மாற்றும்போது ரகரம் காணாமல் போய், வெறுங்காலுக்கு மேல் புள்ளி நிற்கும். ‘ரி’யும் அப்படித்தான், காலுக்குக் கொம்பு முளைத்தது போல. வாசிப்பவருக்குத் தெரியாது. தேடினால்தான் தெரியும், கிடைக்கவே கிடைக்காது.

‘கௌரி’ என்ற பெயரைப் பாருங்கள். ஔகாரக் குறி ஒரே குறி. பலர் அதற்குப் பதிலாக ‘கெ’ எழுதிப் பக்கத்தில் ளகரத்தைப் போட்டு ‘கெளரி’ என்று முடித்துவிடுகிறார்கள். பார்த்தால் ஏறக்குறைய அதே உருவம். ஒரு மணமகளின் பெயரை அழைப்பிதழில் ஒரு விதமாகவும் உறையில் வேறு விதமாகவும் இப்படி அனுப்பியிருந்தார்கள். கோப்பு முழுவதும் தேடி ஒரே அடியில் எழுத்துருவை மாற்றப் போனபோது பாதிப் பெயர்கள் அகப்படவில்லை. உங்கள் போனில் ‘சௌந்தரி’ என்று தேடி ஆள் கிடைக்காவிட்டால் காரணம் இதுவாக இருக்கலாம். சோதிப்பது சுலபம். அந்த எழுத்துக்குப் பின்னால் போய் ஒரு முறை அழியுங்கள். ‘கௌ’ சரியாக எழுதப்பட்டிருந்தால் ‘க’ மிஞ்சும். தப்பாக இருந்தால் ‘கெ’ மிஞ்சும். ஔவையாரையும் பாதிப் பேர் ஒகரமும் ளகரமுமாக வெட்டித்தான் வைத்திருக்கிறார்கள். ‘ஸ்ரீ’யும் இதே கதை. யுனிகோடில் அதை இரண்டு விதமாக எழுத இடமிருக்கிறது, பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே மாதிரித் தெரியும். ஸ்ரீகாந்தனைத் தேடிக் களைத்தவர்கள் பெயரை அழித்துவிட்டுத் தங்கள் விசைப்பலகையில் புதிதாக எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

பிழையே இல்லாததைப் பிழை என்று சொல்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சென்னையில் இருக்கும் உறவினர்களும் சேர்ந்த குழு ஒன்றில் ‘பொலிஸ்’ என்று எழுதியதற்காக என் சித்தப்பாவை ஒரு பையன் திருத்தினான். அவனுடைய போனும் அவன் பக்கம்தான், ‘போலீஸ்’ என்று தானாகவே மாற்றும். 1930 இலிருந்து வரும் வீரகேசரிப் பத்திரிகையை எடுத்துப் பாருங்கள், பொலிஸ்தான். கோப்பி, போத்தல், டொக்டர், ஒன்லைன் எல்லாம் எங்கள் வாய்க்கு வந்தபடி எழுதியவை. யாழ்ப்பாணப் பக்கத்தவர்கள் ‘யூலை’ என்றும் ‘ரீவி’ என்றும் எழுதுவதற்கும் நீண்ட வழக்கு இருக்கிறது. எங்கள் அச்சகத்தில் பிளேட் போடும் நானா (முஸ்லிம் அண்ணர்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) மருதானைக்காரர். நான் ‘வாறன்’ என்று செய்தி போடுவேன், அவர் ‘வாரேன்’ என்று போடுவார். இரண்டு பேரும் சொன்ன நேரத்துக்கு வருவதில்லை என்பதைத் தவிர அதில் ஒரு குறையும் இல்லை. பேச்சை எழுதும்போது அவரவர் வீட்டுப் பேச்சுத்தான் சட்டம். போன் உங்கள் சொல்லை மாற்றிக்கொண்டே இருந்தால், விசைப்பலகை அமைப்பில் சொந்த அகராதி என்று ஒன்று இருக்கும், அதில் உங்கள் சொற்களைச் சேர்த்துவிடுங்கள்.

பெயர்ப் பலகைப் படங்களைப் பகிர்ந்து சிரிப்பது இங்கே ஒரு பொழுதுபோக்கு. 1956 இல் சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்து, 1987 இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியானது. ஆனால் பலகை எழுதுபவருக்குத் தமிழ் தெரிய வேண்டும் என்பது நடைமுறைக்கு வரவில்லை. தமிழ் வாசிக்கத் தெரியாத ஒருவர் உருவத்தைப் பார்த்து வரைகிறார். அவருக்குத் தகரமும் நகரமும் ஒன்றுபோலத்தான் தெரியும். பஸ்ஸில் கர்ப்பிணித் தாய்மார் ‘நாய்மார்’ ஆன படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். கோபம் வர வேண்டிய விஷயம்தான், அரசாங்கம் பதில் சொல்ல வேண்டிய விஷயமும்தான். ஆனால் அந்தப் படத்துக்கு மேலே நம்மவர் ஒருவர் ‘இதை பார்த்து சிறிப்பதா அலுவதா’ என்று எழுதியிருந்தார். வரைந்தவருக்குத் தமிழ் தெரியாது. இவருக்கு?

இப்போது நான் வேலை செய்யும் முறை இதுதான். வந்த செய்தியைத் திருத்தி, திருத்திய இடங்களுக்கு நிறம் போட்டு, அனுப்பியவருக்கு மட்டும் அனுப்புவேன், குழுவில் போட மாட்டேன். “நான் இப்படி மாற்றியிருக்கிறேன், வேண்டாமென்றால் சொல்லுங்கள்” என்று எழுதுவேன். காரணம் கேட்டால்தான் காரணம் சொல்வேன். கேட்பவர்கள் குறைவு, கேட்பவர்கள் அடுத்த முறை அந்தப் பிழையை விடுவதில்லை. அச்சுக்கு முன்னால் வீட்டில் வயது கூடியவர் ஒருவரை வாய்விட்டு வாசிக்கச் சொல்வேன். சொல் விடுபட்டிருந்தாலும் வசனம் முடியாமல் தொங்கினாலும் நாக்கு அந்த இடத்தில் நின்றுவிடும். ர, ற பிழைக்கு மட்டும் இது உதவாது, அதற்கு அகராதிதான். 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதியைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் காசில்லாமல் தேடலாம். இக்காலச் சொற்களுக்கு க்ரியா அகராதி, அதில் இலங்கை வழக்கு என்று குறித்தே நம் சொற்களையும் தந்திருக்கிறார்கள். நீச்சல்காரன் உருவாக்கிய இணையக் கருவிகளில் ‘வாணி’ எழுத்துப் பிழையையும் ‘நாவி’ சந்திப் பிழையையும் காட்டும். காட்டுவதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டாம், நம் ஊர்ச் சொற்களையும் ஆட்பெயர்களையும் தெரியாதவை என்று காட்டலாம்.

பெயரில் மட்டும் நான் கை வைப்பதில்லை. சிவகுமாரா சிவக்குமாரா, ராசையாவா இராசையாவா என்பது அந்தந்த வீட்டு விஷயம். பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் ‘சர்மிலா’ என்றிருந்தால் அழைப்பிதழிலும் சர்மிலாதான்.